முதல் கண் யாருடையது?

உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கும். இல்லையென்றால் சீக்கிரமே நடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பேக்கேஜ் எவ்வளவு என்று கேட்கிறோம். லென்ஸ் உள்ளூரா, ஃபாரினா என்று கேட்கிறோம். இன்ஷூரன்ஸ் செல்லுமா, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா, எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது... எல்லாம் கேட்கிறோம்.

ஒன்றை மட்டும் கேட்பதில்லை. 'டாக்டர், இது உங்களுக்கு எத்தனையாவது கண்?'

கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம், பதில் என்னவாக இருக்குமோ என்பது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு லட்சம் கண்ணைத் தொட்ட டாக்டருக்கும் முதல் கண் என்று ஒன்று இருந்தது. அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். பெரும்பாலும் ஏழை. பெரும்பாலும் வயசானவர். தான் ஒரு முதல் பாடம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

இதையெல்லாம் என்னை யோசிக்க வைத்தது பழனியில் ஒரு பெண்.

* * *

அடிவாரத்தில் என் நண்பர் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. இரண்டாம் தடவை எழுதி, கண் மருத்துவத்தில் எம்.எஸ். கிடைக்கிற அளவுக்கு ரேங்க் வாங்கிவிட்டாள். 2022-ல் நடந்த கதை. கவுன்சலிங்குக்குச் சில நாள்தான் பாக்கி. பட்டியலில் எந்தக் காலேஜை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது? வீட்டில் பஞ்சாயத்து. அந்த நேரம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. ஒரு இடத்துல கட்டிங் நிறைய கிடைக்கும். இன்னொரு இடத்துல கட்டிங் கம்மி, ஆனா டீச்சிங் நல்லாருக்கும்" என்றாள்.

நண்பர் பதறிவிட்டார். "ஏம் பாப்பா, சேரும்போதே கட்டிங் பத்திப் பேசறே?"

அவர் பயந்தது வேறு கட்டிங். டாக்டர் பிள்ளைகள் பாஷையில் கட்டிங் என்றால் கத்தியைக் கையில் வாங்கித் தானே ஆபரேஷன் செய்கிற வாய்ப்பு. பி.ஜி. சேர்கிறவர்கள் சீனியரிடம் கேட்கிற முதல் கேள்வியே இதுதானாம்.

முதல் இடம், கூட்டம் அலைமோதும் ஒரு காலேஜ். ஆறே மாதத்தில் கத்தி கைக்கு வந்துவிடும். மதியத்துக்கு மேல் பெரிய டாக்டர்கள் கண்ணில் படுவது அபூர்வம். மூன்றாம் வருஷ மாணவர், இரண்டாம் வருஷத்துக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர் முதல் வருஷத்துக்கு. மூன்று வருஷம் முடியும்போது நூற்றுக்கணக்கில் செய்திருக்கலாம்.

இரண்டாவது இடத்தில் எல்லாம் படிப்படி. முதல் வருஷம் பார்ப்பது, எடுத்துக்கொடுப்பது, வெளிநோயாளிகளைப் பரிசோதிப்பது. பிறகு ஆபரேஷனில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் செய்வது. மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் தப்பினாலும் "எந்திரி" என்று சொல்லி அவரே உட்கார்ந்துவிடுவார். முழு ஆபரேஷன் கைக்கு வர ரொம்ப நாள் ஆகும்.

அந்தக் காலேஜ்களின் பெயர் இங்கே வேண்டாம். இந்தியா முழுக்க இந்த இரண்டு ரகமும் உண்டு. மூன்றாவது ரகமும் உண்டு. கட்டிங்கும் கிடையாது, டீச்சிங்கும் கிடையாது. மூன்று வருஷம் கேஸ் ஷீட் எழுதிவிட்டு எம்.எஸ். வாங்கிக்கொண்டு போகலாம். பி.ஜி. படிப்பைப் பற்றி நம் கண் மருத்துவர்களே நடத்திய கணக்கெடுப்புகளைப் படித்தால், படிப்பு முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கில் செய்தவர்களும் இருக்கிறார்கள், விரல் விட்டு எண்ணுகிற அளவு செய்தவர்களும் இருக்கிறார்கள். பட்டம் மட்டும் ஒன்றுதான்.

நண்பர், கூட்டம் உள்ள காலேஜ் கட்சி. "கையில செஞ்சாத்தானே வரும்? நீச்சல்னா கிணத்துல தள்ளித்தான் விடோணும்" என்றார். அவர் மனைவி இரண்டாவது கட்சி. "கிணத்துல தள்ளுனா முழுகறது நம்ம புள்ளைங்க. இங்க முழுகறது ஊரான் கண்ணுங்க" என்றார். மொத்த விவாதமும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. ஆனால் பதில் கிடைக்கவில்லை.

* * *

மறுநாள் காலையில் கிரிவல வீதிப் பக்கம் நடந்தேன். முடிக்கொட்டகையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் டீக்கடையில் அகப்பட்டார். பத்திரிகைக்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? "தொழில் எப்படிங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"மொதல்ல சட்டி. மண்சட்டியக் கவுத்துப் போட்டு, சோப்பு நுரையத் தடவி, கீறல் சத்தம் வராம வழிக்கோணும். அப்புறம் எங்கப்பாரு தன் கையவே நீட்டினாரு. அதுக்கப்புறம் பெரிய ஆம்பளைங்க தலை. பச்சக் கொழந்தைக்கு மொத மொட்டை போட எங்கப்பாரு என்னைய விடறதுக்கு மூணு வருசம் ஆச்சுங்க. உச்சிக்குழி மூடாத தலைங்க அது."

"அது வரைக்கும் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருப்பாரா?"

"நிக்க மாட்டாருங்க. கொஞ்சம் தள்ளி உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருப்பாரு. பாக்கற மாதிரியே தெரியாது. ஆனா கத்தி போற சத்தம் மாறுச்சுன்னா டக்குனு திரும்புவாரு."

இதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. அதில் இரண்டு பத்தி போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் சுதந்திரம், இன்னொரு பக்கம் மேற்பார்வை. ஒன்று கூடினால் இன்னொன்று குறையும் என்கிற கணக்கு. பெரியவரின் அப்பா அந்தக் கணக்கையே மாற்றிவிட்டார். கத்தி பையன் கையில். காது அப்பாவிடம்.

கண் மருத்துவத்திலும் சட்டி உண்டு. கறிக்கடையிலிருந்து வாங்கி வருகிற ஆட்டுக் கண். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே அதை வைத்துக் கீறிப் பழகுகிறார்கள். கம்ப்யூட்டரில் பழகும் சிமுலேட்டர்களும் வந்துவிட்டன. அப்புறம்தான் மனிதக் கண். அதையும் கடைசிக் கட்டத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுக்கிற முறை பல இடங்களில் இருக்கிறது. கஷ்டமான பகுதியெல்லாம் சீனியர் செய்துவிடுவார். முடிக்கிற வேலையை மாணவர் செய்வார். அது படிந்ததும் அதற்கு முந்தின கட்டம். கோலத்தைக் கடைசிப் புள்ளியிலிருந்து கற்றுக்கொள்வது மாதிரி.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? நம் கண்ணின் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைக்க வேண்டும். அந்தப் பையின் பின்சுவர் சில மைக்ரான் கனம்தான். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது கிழிந்தால் உள்ளே இருக்கிற ஜெல் போன்ற திரவம் முன்னால் வந்துவிடும். கிழிந்தால் பார்வை போய்விடும் என்று அர்த்தமில்லை, தேர்ந்த கை சமாளித்துவிடும். ஆனால் அந்தத் தேர்ந்த கை அந்த நிமிஷம் அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து காரில் கிளம்பி வந்தால் ஆகாது.

இன்னொன்று. கண்புரை ஆபரேஷனில் பொதுவாகக் கண்ணை மட்டும்தான் மரக்கடிக்கிறார்கள். நோயாளி விழித்திருக்கிறார். எல்லாம் அவர் காதில் விழும். "ஐயோ, என்ன பண்றே?" என்று புரொபஸர் கத்த முடியாது. மெல்ல மாணவர் கையைத் தொட வேண்டும். அந்த ஒரு தொடலில் 'நிறுத்து, நகரு, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அத்தனையும் அடக்கம்.

* * *

பி.ஜி. மாணவரை 'ரெசிடென்ட்' என்கிறார்களே, ஏன் தெரியுமா? ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்ததால்! அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறக்கப்பட்டது. அங்கே அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட், இளம் டாக்டர்களை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிற முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க இருக்கும் பி.ஜி. படிப்புக்கு அதுதான் அஸ்திவாரம். 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு' என்று டாக்டர்கள் மத்தியில் ஒரு வசனம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டாவதாக இருக்கிற 'ஒன்று' நாமாக இல்லாத வரைக்கும்.

அந்த முறைக்கு அடி விழுந்தது 1984-ல். நியூயார்க்கில் லிபி ஸயான் என்ற 18 வயதுப் பெண்ணைக் காய்ச்சலும் நடுக்கமுமாக ஒரு இரவு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி டாக்டர்கள். பல நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்தவர்கள். பெரிய டாக்டரிடம் போனில்தான் பேசினார்கள். ஏற்கெனவே அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையோடு சேரக் கூடாத ஒரு மருந்து தரப்பட்டது. விடிந்தபோது அவள் இல்லை.

அவள் அப்பா சிட்னி ஸயான் ஒரு பத்திரிகையாளர். விடவில்லை. எழுதினார், வழக்குப் போட்டார், வருஷக்கணக்கில் போராடினார். நியூயார்க் மாநிலம் டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் குழு அமைத்து, 1989-ல் விதி கொண்டுவந்தது. பயிற்சி டாக்டர் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. 2003-ல் அமெரிக்கா முழுக்க அந்த 80 மணி வந்தது. உலகத்துக்கு ஞாபகம் இருப்பது இந்த 80 மட்டும்தான். ஆனால் பெல் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. தூக்கமின்மையைவிடப் பெரிய பிரச்னை, பக்கத்தில் அனுபவசாலி இல்லாததுதான் என்றார் அவர். மணிக்கணக்கை எண்ணுவது சுலபம். ஆள் பக்கத்தில் இருந்தாரா என்று எண்ணுவது கஷ்டம். உலகம் எப்போதும் சுலபமானதைத்தான் எண்ணும்.

நம்மூர்க் கதை இன்னும் பழசு. சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக, உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. வடக்கே ஜலந்தரில் ஹென்றி ஸ்மித் என்ற வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கண்புரையை எடுக்கும் அவருடைய முறையைக் கற்க அமெரிக்காவிலிருந்து கப்பலேறி டாக்டர்கள் வந்தார்கள். கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கற்றது பஞ்சாப் கிராமத்துக் கண்களில். உலகத்துக்கே நாம்தான் சட்டியாக இருந்திருக்கிறோம்!

* * *

இந்த இடத்தில் மதுரைக்குப் போகாமல் முடியாது. பழனியிலிருந்து கண் ஆபரேஷனுக்குப் பல பேர் பஸ் ஏறுகிற ஊர் அது.

டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரம் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். 1944-ல் டாக்டரானார். ராணுவத்தில் சேர்ந்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. படுத்த படுக்கை. எழுந்து வந்தவர் கண் மருத்துவத்தை எடுத்துக்கொண்டார். கோணல் விரலால் கத்தி பிடிக்கத் தானே பழகினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். 2006-ல் காலமானார்.

அந்த விரல்களை அன்றைக்கு ஒரு கண்டிப்பான மேற்பார்வையாளர் பார்த்திருந்தால், 'வேண்டாம் தம்பி, மருந்து எழுதிக் கொடுக்கிற வேலையைப் பாரு' என்று அனுப்பியிருக்கலாம். யாரோ அவர் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். சுதந்திரத்தின் பக்கம் இது ஒரு பெரிய புள்ளி.

ஆனால் அவர் கட்டிய ஆஸ்பத்திரி சொல்வது வேறு. 2012-ல் அரவிந்த் மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 80,000 கண்புரை ஆபரேஷன்கள். ஆபரேஷன் நடக்கும்போதே சிக்கல் ஏற்பட்டது எத்தனையில் என்று ஆள்வாரியாகப் பிரித்தார்கள். நிலையான மருத்துவர்கள் செய்ததில் நூற்றுக்கு 0.79. எம்.எஸ். முடித்து மேற்பயிற்சி பெறுகிறவர்கள் செய்ததில் 1.19. பி.ஜி. மாணவர்கள் செய்ததில் 2.06. வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்துபோனவர்கள் செய்ததில் 5.11.

நான் பி.காம். படித்தவன். எண்ணைப் பார்த்தால் கூட்டிக் கழிக்காமல் இருக்க முடியாது. மாணவரிடம் 100 கண்ணைக் கொடுத்தால், பெரிய டாக்டரிடம் கொடுப்பதைவிட ஒன்றோ இரண்டோ கண்ணில் கூடுதலாகச் சிக்கல். நாளைக்கு ஒரு பெரிய டாக்டர் உருவாவதற்கு இன்றைக்குக் கொடுக்கிற விலை அது. விலையைப் பூஜ்யமாக்க முடியாது. பூஜ்யமாக்கினால் அடுத்த தலைமுறைக்கு டாக்டரே இருக்க மாட்டார். ஆனால் 5-ஐ 2 ஆக்க முடியும். வந்துபோகிறவருக்கும் அங்கேயே வளர்கிற மாணவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், என் பார்வையில், கூட இருந்து வளர்ப்பதால் வருகிறது. யாருக்கு எந்த மாதிரிக் கண் தரப்பட்டது என்பதும் இதில் சேரும்தான்.

அதைவிட முக்கியம், இந்த எண்ணெல்லாம் இருக்கிறது என்பதே. எண்ணினால்தானே எண் இருக்கும்! பழனிக்குத் தெற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு மேலே கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-லிருந்து இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக, மேகம் விடுகிற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் யாரும் நின்று 'தப்பு, சரி' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் படம் இருக்கிறது. பின்னால் வருகிறவர் எடுத்துப் பார்க்கலாம். பதிவும் ஒரு மேற்பார்வைதான். எல்லா ஆபரேஷனையும் வீடியோ எடுத்து, வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற இடத்தில், தனியாகச் செய்தவரும் தனியாக இல்லை.

* * *

மேற்பார்வைக்கே ஓட்டுப் போட்டுவிடலாம் போலிருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

எம்.எஸ். முடித்த மறுநாள் என்ன ஆகும்? ஒரு சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. கண்ணுக்கு அவள் ஒருத்திதான் டாக்டர். பையின் சுவர் கிழிகிறது. திரும்பிப் பார்த்தால் மேடம் இல்லை. 'எந்திரி' என்று சொல்ல ஆள் இல்லை. மூன்று வருஷமும் பக்கத்தில் ஒருவர் இருந்தே பழகியவள் அன்றைக்குக் கை நடுங்கினால், அந்தக் கண்ணுக்கு யார் பொறுப்பு? அதிகமாகப் பாதுகாக்கிற காலேஜ், ஆபத்தை நீக்குவதில்லை. தள்ளிப்போடுகிறது. அதுவும் நகரத்திலிருந்து கிராமத்துக்குத் தள்ளிவிடுகிறது.

அமெரிக்காவில் கண் மருத்துவப் பயிற்சி முடிக்க, முதன்மை மருத்துவராகக் குறைந்தது 86 கண்புரை ஆபரேஷன் செய்திருக்க வேண்டும். பிரிட்டனில் நீண்ட காலம் இருந்த அளவு 350. எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிற நியாயம் இதுதான், தனியாக நிற்கத் தெரியாதவரைத் தனியாக அனுப்பாதே. நம் நாட்டிலும் 2020-ல் ஒரு விதி வந்தது. பி.ஜி. மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். நல்ல யோசனை. அங்கே அந்த மாணவரை யார் கவனிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

என் காலேஜ் நண்பர்கள் சிலர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்தார்கள். கணக்கையெல்லாம் பையன்கள்தான் பார்ப்பார்கள். கையெழுத்து ஆடிட்டருடையது. சில ஆடிட்டர் பையனிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார். சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு கேள்வி கேட்பார். இரண்டு ஆபீஸிலும் பையனுக்குச் 'சுதந்திரம்' ஒன்றுதான். ஆனால் ஒன்றில் தொழில் கற்றான். இன்னொன்றில் தைரியம் மட்டும் கற்றான்.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொன்னேன், "கட்டிங் எத்தனைன்னு கேட்டு நிறுத்தாதே பாப்பா. இன்னும் நாலு கேள்வி கேளு."

ஒன்று, ஆபரேஷன் நடுவில் சிக்கல் வந்தால் பெரியவர் வந்து சேர எத்தனை நிமிஷம்? இரண்டு, அவர் வந்து முடித்த பிறகு என்ன நடக்கும்? திட்டுவாரா, வீடியோவைப் போட்டு எங்கே தப்பியது என்று காட்டுவாரா? மூன்று, மூன்றாம் வருஷத்துக் கடைசியில் முழுசாக எத்தனை கண்ணை உன்னிடம் விடுவார்கள்? நான்கு, நீ செய்த கண்கள் ஒரு மாதம் கழித்து எப்படிப் பார்க்கின்றன என்று யாராவது எழுதி வைக்கிறார்களா?

இந்த நாலாவது கேள்வியைக் கேட்டதும் இரண்டு காலேஜ் சீனியர்களும் கொஞ்ச நேரம் பேசவில்லையாம்.

* * *

இந்தக் கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார். நோயாளி. அவரை யாரும் கவுன்சலிங்குக்குக் கூப்பிடுவதில்லை.

உலகம் முழுக்கப் பயிற்சி டாக்டர்கள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் காசு கொடுக்க முடியாதவர்களின் உடம்பில்தான். இதில் சட்டமும் கொஞ்சம் வேடிக்கை செய்திருக்கிறது. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய தீர்ப்பு. ஆனால் யாரிடமும் காசு வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தருகிற இடத்துக்கு அது பொருந்தாது. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்கிற ஆஸ்பத்திரியில் இலவச நோயாளியும் நுகர்வோர். ஆக, முழுக்க இலவசமான இடத்தில் படுக்கிறவர் நுகர்வோர் கோர்ட்டுப் படி ஏற முடியாது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். யார் போவார்கள்? அவருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, மாணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள்தான்.

இந்தப் பேச்சையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் அந்தப் பெண்ணின் அம்மாயி. வயது 75-க்கு மேல். வலது கண்ணில் புரை முற்றிக்கொண்டிருக்கிறது. 'இவ படிச்சு வந்து பாக்கட்டும்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர். திடீரென்று சொன்னார், "எவத்தாளோ கண்ணுல கத்துக்கறதுக்கு என் கண்ணுல கத்துக்க சாமி. போனாலும் உங்கிட்டத்தானே போகும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "சொந்தக்காரங்களுக்குச் செய்யக் கூடாது அம்மாயி. கை பதறும்."

"அப்ப அடுத்தவங்களுக்குச் செய்யறப்ப பதறாதா?"

அவளிடம் பதில் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் முடிவானது அந்தக் கேள்வியில்தான் என்று நினைக்கிறேன். இரண்டாவது காலேஜை முதலில் போட்டாள். கிடைத்தது. அம்மாயியை அடுத்த மாதமே மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் முடித்துவிட்டார்கள். செய்தவர் யார், எத்தனையாவது கண் என்று நண்பரும் கேட்கவில்லை.

அது சரியான முடிவா? நான் சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டாம் வருஷம் நடுவில் ஒரு ராத்திரி போன் செய்தாள். மற்ற காலேஜில் சேர்ந்த தோழி நூற்றைத் தாண்டிவிட்டாளாம். இவள் முழுசாகச் செய்தது பத்துக்கும் குறைவு. "நான் பின்தங்கிட்டேன் மாமா" என்று அழுகிற குரல். நான் என்ன சொல்ல? முடிக்கொட்டகைப் பெரியவரின் மூணு வருஷக் கணக்கைச் சொன்னேன். "அவருக்கு நீட் இல்ல, பாண்டு இல்ல, கல்யாண வயசு ஆச்சுன்னு கேக்க ஆள் இல்ல" என்றாள். அதுவும் நியாயம். காலம் என்பது நோயாளிக்கு மட்டுமல்ல, மாணவருக்கும் விலைதான். படிப்பு முடியும்போது அவளுக்கு வயது முப்பதைத் தொட்டிருக்கும்.

மூன்றாம் வருஷம் ஆரம்பித்துச் சில மாதம் கழித்து இன்னொரு போன். "இன்னிக்கு மேடம் பக்கத்துல உக்காரல மாமா. அடுத்த டேபிளுக்குப் போயிட்டாங்க."

"பயந்துட்டியா?"

"மொதல்ல. அப்புறம் பாத்தா, என் மைக்ரோஸ்கோப்போட டி.வி. அவங்க பக்கம் திரும்பித்தான் இருந்துச்சு."

"எப்படி முடிஞ்சது?"

"நடுவுல ஒரு எடத்துல சந்தேகம் வந்துச்சு. நிறுத்திட்டுக் கூப்ட்டேன். வந்து பாத்தாங்க. 'சரியாத்தான் போறே, போ'ன்னுட்டுப் போயிட்டாங்க."

கையை ஓட்டத் தெரிவதைவிட, எங்கே நிறுத்திக் கூப்பிட வேண்டும் என்று தெரிவது பெரிய வித்தை. அதை எத்தனை கட்டிங் என்ற எண் காட்டாது. கூப்பிட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் அதைக் கற்கவும் முடியாது. தோழிக்கும் அது வந்திருக்கலாம், வேறு வழியில், வேறு விலையில். அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் ஒரே கவலை.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பி.ஜி. சேரலாம். சேரும்போது ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ஸ்டைபண்ட் எவ்வளவு என்பதோடு, அந்த நாலாவது கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்களே ஆபரேஷன் மேஜைக்குப் போகலாம். இளம் டாக்டர் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து நிற்கலாம். பயந்து ஓட வேண்டாம். அவரும் கற்றுத்தான் ஆக வேண்டும், நம்மிடம்தான் கற்க வேண்டும். "கூட யாருங்க இருப்பாங்க?" என்று மட்டும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல இடமாக இருந்தால், அந்த இளம் டாக்டரே கையை நீட்டி ஆளைக் காட்டுவார்.